பங்காளி பேண்ட், சம்பந்தி பேண்ட்

எருமப்பட்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் நான் யாருடனும் பேசமாட்டேன். காதில் இயர்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வேன். கணக்கு டீச்சர் சாமி பாட்டுக் கேட்கிறாள் என்று பஸ்ஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது ப்ராக் ராக். இங்கிலாந்துப் பையன்கள் எங்கள் அப்பா காலத்தில் வாசித்தது. ஒரு பாட்டு பதினெட்டு நிமிஷம் ஓடும். அதில் வாயைத் திறந்து பாடுவது மூன்று நிமிஷம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் ஆர்கனும் கிடாரும் டிரம்ஸும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டைக்கு நிற்கும். எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பகலெல்லாம் தகரத்தைத் தட்டுகிற சத்தத்தில் இருக்கிற மனுஷன், இந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தனியாக வந்ததில்லை. எனக்கும் என் தம்பிக்கும் சேர்ந்தே வந்தது. நடுவில் மூன்று வருஷம் அவனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அந்த மூன்று வருஷமும் எங்களுக்கு நடுவில் போய் வந்துகொண்டிருந்தது இந்தப் பாட்டு ஒன்றுதான்.

அப்பாவிடம் சொந்த லாரி ஒன்று இருந்தது. ஒரு தடவை பம்பாய் லோடு போய்த் திரும்பியபோது சீட்டுக்கு அடியில் ஒரு கேசட் கிடந்திருக்கிறது. யார் விட்டுவிட்டுப் போனதோ, பேரும் இல்லை ஊரும் இல்லை. அப்பா அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, டேப் ரிக்கார்டர் கெட்டுப்போய்விட்டது என்று ராசிபுரத்தில் ரிப்பேர் கடைக்கே கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பாட்டுதான் இப்படி என்று சொல்லி அனுப்பினார். பிறகு அந்தக் கேசட் எங்கள் இரண்டு பேர் கைக்கு வந்தது. நான் அப்போது பிளஸ் டூ. அவன் ஒன்பதாவது.

ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முதலில் புல்லாங்குழல் மெல்ல ஆரம்பிக்கும். அப்புறம் ஆர்கன் வந்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடவே விடாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாம் கிளம்பிய பிறகும், கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பேசுகிற சொந்தக்காரர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. இப்போது விடும், இப்போது விடும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விடுகிற நேரத்தில் டிரம்ஸ் வந்து விழும். தம்பி என் முதுகில் ஒன்று போடுவான். இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. என்ன புரிந்ததோ அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒரு கோடையில் நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. தம்பி பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அறுந்துபோனது. அப்பாவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மொத்த நாடாவையும் உருவி, சோளக்காட்டில் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிவிட்டார். வெயிலில் மினுங்கும், காற்று அடித்தால் ரீங்காரம் போடும், குருவி கிட்ட வராது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்து அழுதேன். குருவி ஒன்றுகூட வரவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பாட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கக் கிளம்பித்தான் மற்ற எல்லாப் பாட்டும் எங்களுக்குக் கிடைத்தது.

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை இருந்தது. இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். நான் எம்.எஸ்ஸி. படிக்க ராசிபுரத்திலிருந்து தினமும் சேலத்துக்குப் போய் வந்தேன். தம்பி அங்கேயே இன்ஜினியரிங் ஹாஸ்டலில் இருந்தான். இரண்டு பேரும் அந்தக் கடையில் நின்றுகொண்டே இசைத்தட்டு அட்டைகளின் பின்பக்கத்தைப் படிப்போம். யார் எதை வாசித்தார்கள் என்று அதில் போட்டிருக்கும். கடைக்காரர் இது என்ன நூலகமா என்று கத்துவார். மாசத்துக்கு ஒரு கேசட் பதிந்துகொள்வோம், அதனால் விரட்டவும் முடியாது.

எங்கள் அம்மாவிடம் புது ஆள் யார் வந்தாலும் இரண்டே கேள்விதான். எந்த ஊருங்க, யாரு ஊடுங்க. அவ்வளவு போதும். மூன்றாவது நிமிஷத்தில் வந்தவர் எங்கள் கெங்கவல்லி சித்தியின் கொழுந்தனாருக்குச் சகலை என்று கண்டுபிடித்து, காப்பி போட உள்ளே போய்விடுவாள். நாங்களும் அதைத்தான் செய்தோம். இந்த டிரம்ஸ்காரர் யாரு ஊடு? முன்னே எந்த பேண்டில் இருந்தார்? அங்கே அவரோடு பேஸ் வாசித்தவர் இப்போது எங்கே? ஒரே பேண்டில் இருந்து சண்டை போட்டுப் பிரிந்ததெல்லாம் பங்காளி பேண்ட். ஆளைக் கொடுத்து ஆளை எடுத்ததெல்லாம் சம்பந்தி பேண்ட். சிரிக்காதீர்கள். இந்த வழியில் போய்த்தான் இத்தாலிக்காரர்கள் வரைக்கும் எங்களுக்கு உறவுமுறை தெரிந்தது. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இன்னாருக்கு இன்னார் மாமன் மச்சான் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

இதில் ஒரு விளையாட்டும் வைத்துக்கொண்டோம். ஒருவர் ஒரு பாட்டுச் சொன்னால், அதில் வாசித்த ஒருவராவது வாசித்த வேறு பாட்டை மற்றவர் சொல்ல வேண்டும். கண்ணி விட்டுப்போகக் கூடாது. எப்படி ஒட்டுகிறது என்று தெரியாவிட்டால் 'தெரியல, நீயே சொல்லு' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதில் தெரிந்தவர் அதை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். இந்த விதியைப் போட்டவன் தம்பி. சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வருவான், ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். நான் கேட்டால் அடுத்த சனிக்கிழமை வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லுவான். அந்தக் கோலத்தை யார் பார்ப்பது? அதற்கே நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடையில் போய் நின்றாவது, நாலு பேரிடம் விசாரித்தாவது கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு அவ்வளவு வீம்பு. அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

ஆனால் எங்கள் லாரிக் கேசட் மட்டும் கிடைக்கவில்லை. கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்று, இன்டர்நெட் வந்து, போனிலேயே எல்லாப் பாட்டும் வந்த பிறகும் கிடைக்கவில்லை. அந்த ஆர்கன் கை யாருடையது என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. ஒரு சுரத்தைப் பிடித்தால் விடாத ஒரு ஆர்கன்காரர் இருந்தார். ஆனால் டிரம்ஸ் அடித்த கை, அவர் கோவித்துக்கொண்டு விட்டுவந்த பிறகு அந்தப் பழைய பேண்டில் சேர்ந்தவருடைய கை. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் எப்படி ஒரே பந்தியில் உட்காருவார்கள்? அது அவராக இருக்காது என்று நானும் தம்பியும் முடிவு கட்டிவிட்டு, முப்பது வருஷம் மற்ற ஊரெல்லாம் தேடினோம்.

இனி சண்டைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ சபையில் அவனோடு நிற்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குள் சம்பந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் அப்போது ஒரு பேச்சுப் பேசுவார்கள். தம்பி கல்யாணத்தில் நான் நின்றேன். எனக்கு ஏற்கெனவே பையன் இருந்தான். அவனுக்குப் பெண் பிறந்தால் என் பையனுக்குத்தான் என்று சபையில் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். எல்லோரும் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டினேன்.

என் பையன் பெங்களூரில் கூட வேலை செய்யும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். தம்பி மகளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. 'அவனையா? போங்க அத்தை' என்று என்னிடமே சொன்னவள் அவள். ஆனால் தம்பி பெண்டாட்டிக்கு மனசு ஆறவில்லை. சபையில் சொன்ன வார்த்தை என்ன ஆனது என்று கேட்டாள். நானும் சும்மா இருக்கிற ஆளா? வார்த்தை தடித்துவிட்டது. என் பையன் கல்யாணத்துக்கு என் கூடப்பிறந்தவன் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் நின்றான். போட்டோவில் அந்த இடத்தை நான் இன்றைக்கும் பார்ப்பதில்லை.

அதோடு பேச்சு நின்றது. அவன் ராசிபுரம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். முக்கால் மணி நேரத் தூரம். அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

சில மாசம் கழித்து ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது அவன் நம்பரிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ஒரு வார்த்தை இல்லை, பாட்டு மட்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. பாட்டு அனுப்பத் தெரிகிறது, அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வரத் தெரியவில்லை. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் போட்டுக் கேட்டேன். பேஸ் வாசித்தவர் யாரென்று தெரிந்தது. இறங்குவதற்குள் அவர் வாசித்த இன்னொரு பாட்டை அனுப்பிவிட்டேன். நானும் வார்த்தை எதுவும் போடவில்லை.

அப்படியே போனது. வாரத்துக்கு ஒன்று, சில சமயம் மாசத்துக்கு ஒன்று. அவன் அனுப்புவதை வைத்தே அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பண்ணையில் கோழிக்குச் சீக்கு வந்த மாசம் வெறும் பியானோவாக அனுப்பினான். விஷயத்தை நான் பிறகுதான் ஊர்க்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அதற்கு முன்பே பஸ்ஸில் அந்தப் பியானோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்தேன். பாட்டெல்லாம் வந்தது, அவன் குரல் மட்டும் வரவில்லை. வாசலிலிருந்தே 'அக்கோவ்' என்று கூப்பிடுவான். தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று எங்கள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

போன தை மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம். அன்றிலிருந்து கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். சொந்த அக்காவைப் போனில் அழைக்க முடியாது. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டு வைத்து அழைக்க வேண்டும். அப்படி அழைக்காத கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. பாட்டு வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. கல்யாணத்தைப் பற்றி மூச்சில்லை.

ஒருநாள் கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை வீடு சொந்தம். "உங்க பேரு போட்டிருக்குதுங்க டீச்சர்" என்றாள். பார்த்தேன். அத்தை, மாமா என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் முறையாக இருந்தது. ஊருக்காகப் போட்டிருக்கிறார்கள். எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டது, பெயர் போட்ட வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. நல்லா அச்சடிச்சிருக்காங்க என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் திட்டு வாங்கினார்கள், பாவம்.

அந்த வாரம் என் முறை. கைக்கு வந்ததை அனுப்பினேன். அந்த விடாக்கண்டன் ஆர்கன்காரர் பிற்காலத்தில் வாசித்த பாட்டு அது. மறுநாள் காலை பஸ்ஸில் இருக்கும்போது பதில் வந்தது. ஏதோ கச்சேரியில் பதிந்தது, பழசு. போட்டேன். புல்லாங்குழல்.

ஆர்கன் வந்து அந்தச் சுரத்தைப் பிடித்தது. எங்கள் லாரிக் கேசட். சோளக்காட்டில் குருவி விரட்டிய பாட்டு. எருமப்பட்டி வந்ததும் தெரியவில்லை, கண்டக்டர் வந்து "டீச்சர், ஊரு வந்துருச்சுங்க" என்று எழுப்பினார். தூங்குகிறேன் என்று நினைத்திருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கண்ணி எப்படி ஒட்டுகிறது என்று எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. அதே கை. நாங்கள் ஆகாது என்று தள்ளிவைத்த அதே ஆள். தெரியாமல் இருக்க நான் என்ன செவிடா? அடுத்த பாட்டு எது என்றுகூட மனசில் வந்துவிட்டது. அனுப்பப் போனேன். அப்புறம் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவனிடம் சொல்லாததை எழுதினேன்.

"தெரியலடா. நீயே வந்து சொல்லு."

அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. மறுநாள் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. விட்டுக்கொடுத்ததற்கு அவமானம்தான் மிச்சம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கொத்தமல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். கேட் சத்தம் கேட்டது.

"அக்கோவ்."

நான் எழுந்திருக்கவே இல்லை. கையிலிருந்த கொத்தமல்லியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவனே உள்ளே வந்து எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. கையில் தட்டு இல்லை, பத்திரிகை இல்லை. கூடப் பெண்டாட்டியும் இல்லை. அழைக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என்னை நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பாட்டுக்கு வந்தான். ஆர்கன்காரர் யார், எதற்காக அந்த பேண்டிலிருந்து விலகினார், புது பேண்டில் யார் யாரைச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்த கதையையெல்லாம் முதலிலிருந்து சொன்னான். கால்மேல் கால் போடவில்லை. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கோவிச்சுட்டுப் போனவன் ஒரே ஒரு தடவ திரும்பி வந்து வாசிச்சிருக்கான்க்கா. அத நம்ம யோசிக்கவே இல்ல."

அப்புறம் என்னைப் பார்த்தான். "நெசமாலுமே உனக்குத் தெரியலயா?"

"தெரியல" என்றேன்.

பொய் சொல்லாதே என்றான். தெரியலைங்கறேன்ல என்று நான் சத்தம் போட்டேன். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். பேச்சு இல்லாத வீட்டில் எங்கள் பக்கம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். அவன் தண்ணீர் கேட்டான். சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினான்.

"அவ வண்டியில உக்காந்திருக்கா. தட்டோட. புள்ளையார் கோயிலுகிட்ட நிறுத்தியிருக்கறேன்" என்றான். "நீ வந்து கூப்புட்டாத்தான் எறங்குவாளாம்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். அழைக்க வந்தவர்களை நான் போய் அழைக்க வேண்டுமாம், எந்த ஊர் நியாயம் இது? வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டேன். ஒரு தடவை தோற்றுப் பழகியாயிற்று. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி நடந்தேன். சிமெண்டு ரோடு காலைச் சுட்டது. அவன் சொம்போடு பின்னால் வந்தான்.

கார் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். பட்டுச்சேலையில், மடியில் பழத்தட்டை வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காருக்குள் எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் பேசினாள். நாத்தனார் முறைக்கு என்னை எப்போதும் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கையா, மொதல்ல இந்தப் பாட்ட நிறுத்துங்க. ராசிபுரத்துலருந்து இதே பாட்டு. தல வலிக்குதுங்க."

உள்ளே குனிந்து கையை நீட்டினேன். ஆர்கன் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது விடும் வரைக்கும் பொறுத்திருந்து, டிரம்ஸ் விழுந்த பிறகு நிறுத்தினேன். அவள் மடியிலிருந்த தட்டை வாங்கித் தம்பி கையில் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"எறங்கு சாமி" என்றேன். "வெயிலு."